எழுத்துக்கு நூற்றிருபது

ஆரையம்பதிச் சந்திக்கு அங்கால என் கடை.
கறுப்புக் கிரனைட். எழுத்துக்கு நூற்றிருபது ரூபா.
மெய்யின் தலைக்குத்துக்குக் காசில்லை என்றால்
சிலர் சிரிப்பார்கள், சாவீட்டுச் சிரிப்பு.

எர்மின்டா பல்தசாருக்குக் கல் வைக்க
மூன்று பிள்ளைகளும் ஒரே ஓட்டோவில் வந்தார்கள்.
பெயரில் சண்டையில்லை, தேதிகளிலும் இல்லை.
கீழே ஒரு வரி. வரிகூட இல்லை, அதன் விலாசம்:
வேதப்புத்தகத்தில் மேய்ப்பன் பாட்டு இருக்கிற இடம்.

"இருபத்திரண்டு" என்றார் கிளமென்ட்.
தாண்டவன்வெளிக் கோயிலுக்கு அம்மா கொண்டுபோன
பழைய புத்தகத்தில் அப்படித்தானாம்.
"இருபத்திமூன்று" என்றாள் ரூத்,
கலியாணம் முடித்து மெதடிஸ்தானவள்.
கடைசி அன்ஸ்லம் கண்ணை மூடி
"கர்த்தர்" என்று தொடங்கினான்.
"ஆண்டவர்" என்று திருத்தினார் அண்ணன்.
ஆவியானவருக்கு இலக்கம் தேவையில்லை என்றான் தம்பி.
எனக்குத் தேவை. எனக்கு அது இரண்டு எழுத்து.

ரூத்தின் புருஷன் வந்தாறுமூலையில் படிப்பிக்கிறவர்.
கல்தூள் படிந்த மேசையில் விரலால் எழுதினார்:
எபிரேயத்தில் ஒன்பது வேறு, பத்து வேறு.
கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள்.
அன்றிலிருந்து ஒரு வீடு ஓர் எண் பின்னால் நடக்கிறது.
அதற்குப் பின்னால் லத்தீன்,
லத்தீனுக்குப் பின்னால் ரோமாபுரி,
ரோமாபுரிக்குப் பின்னால் எங்கள் தாண்டவன்வெளி.

"சேரவே சேராதா?"
"நூற்றி நாற்பத்தேழில் ஒன்று பிளக்கும்.
கடைசி மூன்றும் ரெண்டு பேருக்கும் ஒரே எண்."
மாரியில் முகத்துவாரம் வெட்டிவிடுவது ஞாபகம் வந்தது.
சொல்லவில்லை. ரூத் இன்னும் கோபமாய் இருந்தாள்.

வசன இலக்கம் அதற்கும் பிந்தியது என்றார்.
ஒரு பிரெஞ்சு அச்சுக்காரர்
குதிரையில் போகப் போகக் குறித்ததாய் ஒரு கதை,
நம்பத் தேவையில்லையாம்.
நான் நம்பினேன்.
வசனம் எங்கிருந்து வந்ததோ எனக்குத் தெரியாது,
இடம் விட்டு எண் போட்டவன் எங்கட ஆள்.
நடுவில் முறிந்து நிற்கிற வசனங்களில்
குதிரை பள்ளத்தில் இறங்கியிருக்கும்.

பொலிஷ் பிடிக்கிற நிஃமத்துல்லா மெஷினை நிறுத்தினான்.
"தாவூத் நபிக்கு இறங்கின சபூர்தானே?
காத்தான்குடியில பேரைச் சொன்னாக் காணும்."
மறுகா மெஷினைப் போட்டான்.
தண்ணீர் தெறித்து
மேசையிலிருந்த கிரேக்கமும் எபிரேயமும் கரைந்தன.

அப்போதுதான் ரூத் பையிலிருந்து
அம்மாவின் புத்தகத்தை எடுத்தாள்.
முதல் தாளில் பிறப்புகள்.
அதற்குக் கீழே ஒரு கடன்: சீமெந்து மூன்று மூட்டை,
தீர்ந்தது என்று குறுக்கே கோடு.
கல்முனை பஸ் டிக்கட் செருகியிருந்த இடத்தில்
புத்தகம் தானாய்த் திறந்தது.
பாட்டு இருந்தது. எண் நின்ற மூலையை
இராமபாணப் பூச்சி தின்றிருந்தது.
அடுத்த பக்கம் பார்த்தால் தெரிந்திருக்கும்.
ஒருவரும் திருப்பவில்லை.

ஓரத்தில் பென்சிலால்:
90 புரட்டாதி. அன்ஸ்லமைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
அதன்கீழ், வேறு பென்சிலால்:
விட்டார்கள்.

அன்ஸ்லம் வெளியே போய்
ஓட்டோக்காரனோடு நின்றான்.

23 (22) என்று வெட்டினேன்.
படிப்பிக்கிறவர்தான் சொன்னார், இப்போது அப்படியும் போடுகிறார்களாம்.
"அந்த ரெண்டு வளைவுக்கும் காசு எடுக்காத"
என்றான் நிஃமத்துல்லா. எடுக்கவில்லை.

கார்த்திகை இரண்டாம் தேதிக்குப் பிறகு
எழுத்துக்கு வெள்ளை தீட்டப் போனேன்.
யாரோ கல்லின் விளிம்பிலேயே மெழுகுதிரி ஏற்றி
மெழுகு வழிந்து இலக்கத்தை மூடியிருந்தது.
சுரண்டினேன், அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டது.

எந்த எண் முதலில் வெளியே வந்தது என்று
ரூத் போனில் கேட்டாள்.
லைன் தெளிவில்லை என்றேன்.